யாரிடம் போய்ச் சொன்னேன்

ஜூலை 3, திங்கள்

முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. நேற்றைய மழையில் மைதானம் முழுக்கச் சேறு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். ஆறாம் வகுப்புப் பெண்கள் அணியில் கோல் காக்கும் பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை சேறாகப் பார்த்து அவள் அம்மா வாசலிலேயே ஒரு மூச்சு திட்டினார். அவளுக்குப் பட்டப் பெயர் சுவர். பந்து போகாது, அவ்வளவுதான். திட்டும் அவளைத் தாண்டிப் போகவில்லை, சிரித்துக்கொண்டே நின்றாள்.

மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டார். குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சியாம், இரண்டு நாள். பாலியல் தொல்லையிலிருந்து பிள்ளைகளை எப்படிக் காப்பது என்று சொல்லித் தருவார்களாம். பள்ளிக்கு ஓர் ஆண் ஆசிரியராவது வர வேண்டுமாம்.

"நான் என்ன பாவம் பண்ணேன் மேடம்?" என்றேன்.

ஆசிரியர் அறையில் எல்லாரும் சிரித்தார்கள். பாட்டு மாஸ்டர்தான் அதிகம் சிரித்தார். "தம்பிக்குப் பயிற்சி எதுக்கு? ஒரு விசில் அடிச்சா போதாதா, பிள்ளைங்க பத்திரமாத்தான் இருக்கும்" என்றார். இந்தப் பள்ளியில் நான் சேர்ந்த நாளிலிருந்து அவர்தான் எனக்கு அண்ணன் மாதிரி. என் கல்யாணத்தில் பாடினார். இப்போது என் மகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறார்.

ஜூலை 6, வியாழன்

பயிற்சி முடிந்தது. நடத்திய அம்மாவுக்குக் குரல் கரகரப்பு, கூச்சம் என்பது மருந்துக்கும் கிடையாது. உடல் உறுப்புகளின் பெயரைக் காய்கறிப் பெயர் சொல்வதுபோல் சொன்னார். நாங்கள் ஆளுக்கொரு தரைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு குழந்தை வந்து சொன்னால் முழுசாகக் கேட்க வேண்டும். குறுக்கு விசாரணை கூடாது. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. யார்மேல் சொல்கிறதோ அவரிடம் போகவே கூடாது. அன்றைக்கே பொறுப்பானவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் எழுந்தேன். "ஒரு நல்ல மனுஷன் மேல ஒரு பிள்ளை சும்மா சொல்லிட்டா? விசாரிக்காம எப்படிம்மா ஒருத்தர் பேரைக் கெடுக்கிறது?"

பின்வரிசையில் கைதட்டினார்கள்.

"விசாரிக்கிறது உங்க வேலை இல்ல சார். அதுக்கு ஆள் இருக்காங்க. கேக்கிறதும் கொண்டு போய்ச் சேர்க்கிறதும்தான் உங்க வேலை" என்றார்.

நல்ல கேள்வி கேட்டேன் என்று தேநீர் இடைவேளையில் நாலு பேர் சொன்னார்கள். வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 10, திங்கள்

புது விதிகளுக்காகக் கூட்டம். வகுப்பறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும், ஒரு பிள்ளையைத் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஆசிரியர் வீட்டில் வகுப்பு கூடாது. கடைசி விதி வந்ததும் பாட்டு மாஸ்டரின் முகம் சுருங்கிப்போனது. போட்டிக்குப் பாடும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குத்தான் போகிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நம்ம மாஸ்டருக்குமா மேடம் இந்த விதி? என் பொண்ணே அங்கதான் போறா. போட்டி முடியற வரைக்குமாவது விட்டுடலாமே" என்றேன். பயிற்சி எடுத்தவனே சொல்லும்போது என்ன என்று தலைமையாசிரியை விட்டுக்கொடுத்தார். வெளியே வந்ததும் மாஸ்டர் என் தோளை அழுத்தினார்.

ஜூலை 14, வெள்ளி

ஆறாம் வகுப்பில் பாடம் எடுத்தேன். இறுதிப் போட்டியில்கூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை. 'அந்தரங்க உறுப்பு' என்பதை நான் சொன்ன விதம், ஏதோ கடன் கேட்பதுபோல் இருந்திருக்கும். "சார், சத்தமா சொல்லுங்க, கேக்கல" என்று ஒருவன். வகுப்பே சிரித்தது. எப்படியோ ஒப்பேற்றினேன். உடம்பு உங்களுடையது. சங்கடமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டாலும் தப்பு உங்களுடையது இல்லை. நம்பும் பெரியவரிடம் வந்து சொல்லுங்கள்.

முடித்ததும் முகம் கழுவினேன். ஒரு வழியாகத் தலையிலிருந்து இறங்கியது.

ஜூலை 17, திங்கள்

எங்கே தொடங்குவது?

மாலை விளையாட்டுப் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு சுவர் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு நின்றாள். போட்ட பந்தையே வெளியே எடுத்து மறுபடி போட்டாள். "என்னம்மா, வீட்டுக்குப் போகலையா?" என்றேன்.

"சார், நீங்க சொன்னீங்கல்ல, நம்பறவங்ககிட்ட சொல்லுங்கன்னு."

சொன்னாள். பாட்டு மாஸ்டர். சனிக்கிழமை. மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளை மட்டும் 'இன்னொரு தடவை பாடு' என்று நிறுத்தி வைப்பாராம். அதற்குப் பிறகு அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

நான் என்ன செய்தேன்? "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டேன். என் வாய்தான் கேட்டது. அவள் முகம் அப்படியே மூடிக்கொண்டது. உடனே ஏதேதோ உளறினேன் – "சரி சரி, யார்கிட்டயும் சொல்லாத, சார் பாத்துக்கறேன், நீ போ."

அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

ஜூலை 18, செவ்வாய்

காலையில் மனைவியிடம், மகள் இனிமேல் பாட்டுக்குப் போக வேண்டாம், கணக்கில் பின்தங்கியிருக்கிறாள் என்றேன். "கணக்குல அவளுக்கு என்ன குறைச்சல்?" என்றாள். "சொன்னாக் கேளு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பள்ளி விட்டதும் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஒருதலையாக எதையும் செய்யக் கூடாது, அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் – இதுதான் என் நியாயம். சுற்றி வளைத்துத் தொடங்கினேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவேயில்லை. நானே சொன்னேன். அவள் பெயரை நானே சொன்னேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, நீயா என்கிட்ட இதைக் கேக்கற? சுருதி சேரலன்னு போன வாரம் நல்லாத் திட்டினேன். அந்தக் கோபம். சின்னப் பிள்ளை, விடு. அவமேல எனக்கு வருத்தமே இல்ல."

தேநீர் போட்டுக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்தேன். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது. என்னையே விடுதலை செய்துவிட்டார்கள் என்பதுபோல்.

ஜூலை 22, சனி

கடைத்தெருவில் சுவரும் அவள் அம்மாவும் போவதைப் பார்த்தேன். மாஸ்டர் வீட்டுப் பக்கம்தான். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வண்டியில் இருந்தபடியே கையசைத்தேன்.

கையசைத்தேன். சிரித்தேன்கூட என்று நினைக்கிறேன்.

ஜூலை 24, திங்கள்

மைதானத்தில் வந்து என் எதிரில் நின்று, தரையைப் பார்த்து, ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "சார், நான் அன்னைக்குச் சொன்னது பொய். மன்னிச்சிடுங்க."

முதலில் வந்தது நிம்மதிதான். மறைக்காமல் எழுதுகிறேன், நிம்மதி.

பிறகு இன்னொன்று. 'இனிமேல் பொய் சொல்லாதே' என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவள் கன்னத்தில் வீக்கம். கேட்டதற்கு, பந்து பட்டது என்றாள். இவள் முகத்தில் பந்து பட்டு நான் பார்த்ததேயில்லை.

அடுத்த ஆட்டத்தில் சும்மா நின்றாள். பந்து அவள் காலருகில் உருண்டு உள்ளே போனது. 

ஜூலை 25, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 26, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் மகள் அழுதாள். போட்டிக்குத் தன்னை மட்டும் சேர்க்கவில்லையாம், அப்பாதான் கெடுத்துவிட்டாராம். மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, கைப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

"கணக்கு இல்ல. என்ன விஷயம், சொல்லுங்க."

சொன்னேன். பிள்ளை சொன்னது, நான் மாஸ்டரிடம் போனது, அவர் அழுதது, அவள் பொய் என்று ஒத்துக்கொண்டது எல்லாம். "ஒண்ணுமில்லாத விஷயம். முடிஞ்சு போச்சு" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். மெதுவாகக் கேட்டாள்: "ஒண்ணுமில்லேன்னா நம்ம பொண்ண ஏன் நிறுத்தினீங்க?"

சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினேன்.

"அவர்கிட்ட போறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்க. அவ சொன்னதை நம்பித்தான் நிறுத்தினீங்க. உங்க பொண்ணுக்கு வேணுங்கிற அளவுக்கு நம்பினீங்க. அடுத்த வீட்டுப் பொண்ணுன்னா மட்டும் சாட்சி வேணும். இல்ல?"

ஐயோ. அதுதானே. அதுதான். நான் நம்பினேன். அந்தப் பிள்ளை வாயைத் திறந்த அந்த நிமிஷமே நம்பிட்டேன். நம்பிட்டுத்தான் போய் அவர்கிட்ட பேரைச் சொன்னேன். நம்பிட்டுத்தான் கையை ஆட்டினேன். என்ன மனுஷன்டா நீ?

"கிளம்புங்க" என்றாள். "நானும் வரேன்."

தலைமையாசிரியை அறையில் நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. பாதியில் அவர் நிறுத்தினார். "அவர்கிட்டயா போனீங்க? பயிற்சியில முதல் பாடமே அதுதானே சார்?" நான் தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். "நீங்க கேட்டீங்கன்னு விதியைத் தளர்த்தினவ நான்" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார். என் எதிரிலேயே பேசினார்.

பயிற்சி நடத்திய அம்மாவும் சாதாரண உடையில் ஒரு பெண் போலீசும் வந்தார்கள். என்னிடம் எழுதி வாங்கினார்கள். பயிற்சி அம்மா என்னைத் திட்டவேயில்லை. "இந்தச் சனிக்கிழமைக்கு முன்னாடி சொன்னீங்களே" என்றார். ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார். போன சனிக்கிழமைதான் என் கண்ணில் வந்து நின்றது.

ஜூலை 28, வெள்ளி

மாஸ்டரை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். அவர் வீட்டுப் பாட்டு வகுப்பும் நின்றது. ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. "கூடவே சாப்பிட்டுட்டு எப்படித்தான் மனசு வந்ததோ" என்று ஒருவர் ஜன்னலிடம் சொல்வதுபோல் சொன்னார். அவர்கள் என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்கிறார்கள். ஆமாம், காட்டிக்கொடுத்தேன். ஆனால் அவர்கள் நினைக்கிற ஆளை இல்லை.

ஜூலை 31, திங்கள்

மகளிடம் பயிற்சி அம்மாவே பேசினார். நான் கேட்கக் கூடாது என்றார், கேட்கவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது அவளாகவே சொன்னாள். "மாஸ்டர் என்னை எப்பவும் முதல்லயே அனுப்பிடுவாருப்பா. 'நீ தம்பி பொண்ணு, நீ போ'ம்பாரு."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். காலில் வலி என்றேன்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யாரை அனுப்ப வேண்டும், யாரை வைத்துக்கொள்ளலாம், யாருடைய அப்பா எந்தக் கூட்டத்தில் எழுந்து பேசுவார் – எல்லாமே.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

சுவரின் அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். தையல் கூடத்தில் வேலை. வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தார், தோளில் நூல் ஒட்டியிருந்தது. தலைமையாசிரியை அறையில் என்னையும் கூப்பிட்டார்கள்.

"நான் அடிச்சேன் சார்" என்றார். "அந்த ஆள் வீட்டுக்கே வந்து, 'உங்க பொண்ணு பாடச் சோம்பல்பட்டுக்கிட்டு என்னைப் பத்தி அசிங்கமா கதை கட்டறா, வெளிய தெரிஞ்சா அவ பேருதான் கெடும்'னாரு. நான் நம்பி அவளை அடிச்சேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அங்கயே விட்டுட்டு வந்தேன். எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார். அவ என்கிட்டகூடச் சொல்லல. அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். எனக்காக விட்டுவைத்தார்.

"நான்தான் போய்ச் சொன்னேன்" என்றேன்.

சுவரின் அம்மா என்னை அடிக்கவில்லை, சாபம் விடவில்லை. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார், அதிலிருந்து இன்னும் ஏதோ வரும் என்பதுபோல். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 30, புதன்

இன்னும் இரண்டு பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். பழைய மாணவி ஒருத்தியும் வந்தாளாம், இப்போது கல்லூரியில் படிப்பவள். அவள் காலத்தில் இந்தப் பாடத்தை எடுக்க யாரும் இல்லை என்று சொன்னாளாம்.

மாஸ்டரைக் கைது செய்துவிட்டார்கள். கல்யாணப் போட்டோவில் அவர் நிற்கும் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். கிழிக்கத் தோன்றவில்லை. கிழித்தால் நான் சுத்தமாகிவிடுவேனா?

செப்டம்பர் 19, செவ்வாய்

விசாரணைக் குழு என்னைக் கண்டித்திருக்கிறது. பாதுகாப்புப் பாடம் இனி நான் எடுக்கக் கூடாது. குறைவான தண்டனைதான். குழுவில் ஒருவர், "நீங்களா வந்து சொன்னதைக் கணக்கில எடுத்துக்கிட்டோம்" என்றார். நானாக வரவில்லை, என் மனைவி கூட்டி வந்தாள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர் 11, புதன்

சுவர் பள்ளிக்கு வருகிறாள். மைதானத்துக்கு வருவதில்லை. நான் இருக்கும் பக்கமே வருவதில்லை. விளையாட்டு வேளையில் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாளாம், புத்தகத்தைத் திறக்காமலேயே.

நவம்பர் 6, திங்கள்

பெண்கள் அணியை விட்டுவிடுகிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். நல்ல அணி. இந்த வருஷம் கோப்பை கைக்கு எட்டும் தூரம். "ராஜினாமா மாதிரியா?" என்றார். "இல்ல மேடம். நான் அங்க நிக்கற வரைக்கும் அந்தப் பொண்ணு கோலுக்கு வர மாட்டா" என்றேன்.

புதிதாக ஒரு டீச்சரை எடுக்கிறார்கள். எனக்கு ஒன்றாம், இரண்டாம் வகுப்பு. தவளை ஓட்டம், வளையம் தாண்டுதல்.

மனைவி என்னோடு பழையபடி பேசுகிறாள். அநேகமாகப் பழையபடி.

ஜனவரி 19, வெள்ளி

பயிற்சி அம்மா அழைத்தார். சுவருக்கு என்னிடம் ஒன்று கேட்க வேண்டுமாம். அவளாகத்தான் கேட்டாளாம், யாரும் தூண்டவில்லையாம். "அவளைச் சமாதானப்படுத்தணும்னு எதுவும் சொல்லாதீங்க. மன்னிப்பு கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதீங்க. கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுங்க, போதும்" என்றார்.

நூலகம். அவள் அம்மா பக்கத்தில், பயிற்சி அம்மா கொஞ்சம் தள்ளி. வளர்ந்திருக்கிறாள். ஆறு மாதத்தில் பிள்ளைகள் எப்படித்தான் இப்படி வளர்கிறார்களோ. கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். நான்தான் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

"நான் சொன்னப்போ நீங்க நம்பினீங்களா சார்?"

இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம். ஏமாந்த மனுஷன், நண்பனை நம்பிக் கெட்டவன். ஊரில் பாதிப் பேர் என்னை அப்படித்தான் நினைக்கிறார்கள்.

"நம்பினேன்மா" என்றேன். "மறுநாள் காலையிலேயே என் பொண்ணைப் பாட்டுக்குப் போக வேண்டாம்னு நிறுத்திட்டேன்."

அவள் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. சுவர் அசையவில்லை. கணக்குப் போடுவதுபோல் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப என்னை ஏன் போக விட்டீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பயம் என்று சொல்லலாம். நட்பு என்று சொல்லலாம். ஒவ்வொன்றாக நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போனது. "அதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. போக விட்டிருக்கக் கூடாது" என்றேன்.

"ம்" என்றாள். மன்னித்தேன் என்று இல்லை. சரி என்றும் இல்லை. எழுந்து அம்மாவின் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் பயிற்சி அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன். அவருக்குப் புரிஞ்சிருக்கு."

அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது. தான் சொன்ன விதத்தில்தான் ஏதோ கோளாறு என்று இத்தனை மாதமாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜனவரி 20, சனி

எங்கும் போகவில்லை.

பிப்ரவரி 14, புதன்

இரண்டாம் வகுப்புக்கு வளையம் தாண்டும் போட்டி. ஒருவன் தாண்டாமல் வளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினான், பின்னாலேயே பாதி வகுப்பு.

சாமான் அறைச் சாவி வாங்கப் புது டீச்சர் வந்தார். முகத்தில் சலிப்பு. "சார், கோலுக்கு ஒரு பொண்ணு போன வாரத்திலிருந்து வருது. நல்லா நிக்குது, ஆனா வாய் ஜாஸ்தி. இங்க நில்லுன்னா ஏன்ங்கறா, ஓடுன்னா ஏன்ங்கறா. எல்லாத்துக்கும் ஒரு ஏன். உங்ககிட்டயும் இப்படித்தானா?"

சாவியைக் கொடுத்தேன்.

"பதில் சொல்லுங்க டீச்சர்" என்றேன். "அவ கேக்கிறப்ப எல்லாம் பதில் சொல்லிடுங்க."